பெல்ஹார் விசுவாச அறிக்கை

பெல்ஹார் விசுவாச அறிக்கை என்பது தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை 1982இல் வரைந்து, 1986இல் முறைப்படி ஏற்றுக்கொண்ட கிறித்தவ விசுவாச அறிக்கை ஆகும். கேப் டவுன் நகரின் புறநகரான பெல்ஹாரில் கூடிய அத்திருச்சபையின் மாமன்றத்தில் வரையப்பட்டதால் இப்பெயர் பெற்றது. திருச்சபையின் ஒருமைப்பாடு, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றும் இதன் மையக் கருத்துகளாகும்.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் அபார்ட்ஹைட் எனப்பட்ட இனவொதுக்கல் கொள்கை நாட்டின் சட்டமாக இருந்தது. அந்தக் கொள்கையை வகுத்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களின் திருச்சபை அதற்கு விவிலியத்திலிருந்தே ஆதாரம் காட்டி வந்தது. ஆகவே இனவொதுக்கலை ஓர் அரசியல் தவறு என்று மட்டும் சொல்வது போதவில்லை. அது விசுவாசத்திற்கே முரணான போதனை, அதாவது வேதப்புரட்டு என்று திருச்சபையின் மொழியிலேயே சொல்ல வேண்டிய தேவை எழுந்தது. பெல்ஹார் அறிக்கை அந்தத் தேவையிலிருந்து பிறந்தது.

விசுவாச அறிக்கை என்றால் என்ன?

கிறித்தவர்கள் தாங்கள் எதை நம்புகிறார்கள் என்பதைச் சுருக்கமாக வரையறுத்துச் சொல்லும் வாசகமே விசுவாச அறிக்கை அல்லது விசுவாசப் பிரமாணம் ஆகும். பல திருச்சபைகளில் ஞாயிறு ஆராதனையில் மக்கள் எழுந்து நின்று இதனைச் சொல்வது வழக்கம். நெதர்லாந்து மரபில் வந்த சீர்திருத்தத் திருச்சபைகள் பழைய பொதுப் பிரமாணங்களோடு, 1561ஆம் ஆண்டின் பெல்ஜிக் அறிக்கை, 1563ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை, 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய மாமன்றத்தின் தீர்மானங்கள் ஆகிய மூன்றையும் தம் விசுவாசத்தின் அளவுகோலாகக் கொண்டிருந்தன.

இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பது எளிதாக எடுக்கப்படும் முடிவு அன்று. நற்செய்தியின் உண்மையே கேள்விக்குள்ளாகி, இனியும் மௌனமாக இருந்தால் திருச்சபை திருச்சபையாக இருக்க முடியாது என்ற நிலை வரும்போதுதான் புதிய அறிக்கை எழுதப்படும். 1934இல் ஹிட்லரின் ஆட்சி திருச்சபையைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, ஜெர்மனியின் பார்மன் நகரில் கூடிய கிறித்தவர்கள் அவ்வாறு ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதனை வரைவதில் கார்ல் பார்ட் என்னும் இறையியலாளர் முதன்மைப் பங்கு வகித்தார். "இதை நம்புகிறோம், ஆகவே இதைத் தள்ளுகிறோம்" என்ற முறையில் அமைந்த பார்மன் அறிக்கையின் வடிவத்தையே பெல்ஹார் அறிக்கையும் பின்பற்றியது.

பின்னணி: திருவிருந்து மேசையில் தொடங்கிய பிரிவினை

இனவொதுக்கல் 1948இல் சட்டமானது. ஆனால் திருச்சபைக்குள் அதன் விதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விழுந்துவிட்டது. 1652இல் டச்சு கிழக்கிந்திய கம்பெனியார் கேப் பகுதியில் குடியேறியபோது டச்சு சீர்திருத்தத் திருச்சபையும் அவர்களோடு வந்தது. காலப்போக்கில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், அவர்களின் வழிவந்தவர்களும், மண்ணின் மக்களும் ஞானஸ்நானம் பெற்று அதே சபைகளில் சேர்ந்தனர். இவர்களோடு ஒரே நேரத்தில் திருவிருந்து பெற வெள்ளையர் சிலர் தயங்கினர்.

1829இல் இந்தக் கேள்வி மாமன்றத்தின் முன் வந்தது. நிறமோ பிறப்போ பாராமல் எல்லா உறுப்பினர்க்கும் ஒன்றாகவே திருவிருந்து வழங்கப்பட வேண்டும் என்றும், அது இறைவார்த்தையின் அடிப்படையிலான மாறாத நெறி என்றும் மாமன்றம் அறிவித்தது. ஆனால் வழக்கம் மாறவில்லை. 1857இல் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. புதிதாக விசுவாசத்திற்கு வந்தவர்களை ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்திற்கும் ஏற்றது என்று அம்முறையும் மாமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் சிலருடைய பலவீனத்தின் காரணமாக அது இயலாத இடங்களில், அவர்களுக்குத் தனிக் கட்டடத்தில் ஆராதனை நடத்தலாம் என்று அனுமதித்தது.

சரியான நெறி எது என்று தெரிந்திருந்தும், வெள்ளையரின் மனத்தடைக்கு இடங்கொடுத்து அளிக்கப்பட்ட விதிவிலக்கு இது. விதிவிலக்கு விரைவில் வழக்கமாயிற்று. வழக்கம் பிறகு அமைப்பாயிற்று. 1881இல் கலப்பினத்தவர் என்று வகைப்படுத்தப்பட்ட மக்களுக்காக டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை தனியாக நிறுவப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களுக்கென்று தனித் திருச்சபை உருவானது. 1968இல் இந்தியருக்கெனவும் இந்திய சீர்திருத்தத் திருச்சபை என்ற பெயரில் ஒன்று அமைக்கப்பட்டது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கப்பலேறி நேட்டாலுக்குச் சென்றவர்களின் வழிவந்த மக்கள் இதற்குரியோராகக் கருதப்பட்டனர். இவர்களில் தமிழரும் கணிசமானோர். இவ்வாறு ஒரே விசுவாசமும் ஒரே வழிபாட்டு முறையும் கொண்ட ஒரு குடும்பம் தோலின் நிறத்தால் நான்கு திருச்சபைகளாயிற்று.

இறையியலும் சட்டமும்

1948 தேர்தலில் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிரதமரான டி. எப். மாலன் முன்னர் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் போதகராக இருந்தவர். அடுத்த சில ஆண்டுகளில் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1949இல் வெள்ளையரும் பிறரும் மணம் செய்துகொள்வது தடை செய்யப்பட்டது. 1950இல் ஒவ்வொருவரையும் இன வாரியாகப் பதிவு செய்யும் சட்டமும், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று வரையறுக்கும் குழுவாரிப் பகுதிச் சட்டமும் நிறைவேறின. 1953இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தரம் தாழ்ந்த தனிக் கல்வி முறை வகுக்கப்பட்டது. கேப் டவுனின் ஆறாம் வட்டம் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் நகருக்கு வெளியே, கேப் சமவெளி எனப்படும் மணற்பாங்கான பகுதிகளில் குடியமர்த்தப்பட்டனர். பெல்ஹாரும் அச்சமவெளியில்தான் உள்ளது.

இச்சட்டங்களுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்பட்ட வேத பகுதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பாபேல் கோபுரத்தின் கதை. இறைவனே மொழிகளையும் மக்களையும் பிரித்தார், ஆகவே பிரிவினை இறைச்சித்தம் என்று வாதிடப்பட்டது. மற்றொன்று, ஏதென்ஸ் நகரில் பவுல் ஆற்றிய உரை. மக்களினங்களின் குடியிருப்பு எல்லைகளை இறைவன் குறித்தார் என்று அதில் வருவதை ஆதாரமாகக் கொண்டனர். 1974இல் டச்சு சீர்திருத்தத் திருச்சபை வெளியிட்ட விரிவான அறிக்கை ஒன்றும் தனித்தனி வளர்ச்சி என்னும் கொள்கைக்கு வேத அடிப்படை உண்டு என்றே வாதிட்டது.

எதிர்த்தோர் அதே வேதத்தைத் திறந்தே பதில் சொன்னார்கள். பவுல் அதே உரையில், அதே வாக்கியத்தில், மனிதர் அனைவரும் ஒரே மூலத்திலிருந்து உண்டானவர்கள் என்று கூறுவதை அவர்கள் சுட்டினர். பாபேலில் சிதறிய மொழிகள் பெந்தெகொஸ்தே நாளில் ஒன்றையொன்று புரிந்துகொண்டதை நினைவூட்டினர். யூதருக்கும் புறவினத்தாருக்கும் இடையே நின்ற சுவரைக் கிறிஸ்து இடித்தார் என்று எபேசியர் நிருபம் சொல்லும்போது, அவருடைய பெயராலேயே இன்னொரு சுவரை எழுப்புவது எப்படி என்று கேட்டனர்.

முன்னோடிகள்

பெல்ஹாருக்கு முன்பே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஆல்பர்ட் லுத்துலி ஆசிரியராகப் பணியாற்றியவர்; சபையில் பிரசங்கிப்பவர்; தம் மக்களின் தலைவராகவும் இருந்தவர். 1952இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசிலிருந்து விலக வேண்டும், இல்லையேல் தலைவர் பதவியை இழக்க வேண்டும் என்று அரசு நெருக்கியபோது பதவியை இழந்தார். விடுதலைக்கான பாதை சிலுவை வழியாகவே செல்கிறது என்பது அப்போது அவர் வெளியிட்ட அறிக்கையின் கருத்தாகும். 1960ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

1957இல் வெள்ளையர் பகுதி ஆலயங்களுக்குக் கறுப்பின மக்கள் செல்வதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் சட்டப்பிரிவு முன்மொழியப்பட்டது. கேப் டவுன் ஆங்கிலிக்கப் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன், இதற்குக் கீழ்ப்படிய இயலாது என்று பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சாம்பல் புதனன்று கையெழுத்திட்டார். மறுநாள் அவர் காலமானார்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கடவுச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவல் துறையினர் சுட்டதில் 69 பேர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் உலகத் திருச்சபைகள் மன்றமும் தென்னாப்பிரிக்காவிலுள்ள அதன் உறுப்புச் சபைகளும் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டெஸ்லோவில் கூடின. கிறிஸ்துவை நம்பும் எவரையும் நிறத்தைக் காரணம் காட்டி எந்தத் திருச்சபையிலிருந்தும் விலக்கக் கூடாது என்றும், கலப்பு மணத்தைத் தடை செய்ய வேதத்தில் ஆதாரமில்லை என்றும் அக்கூட்டம் அறிவித்தது. டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பேராளர்களும் இதில் பங்கு பெற்றிருந்தனர். பிரதமர் ஃபெர்வூர்ட் கடும் அதிருப்தி தெரிவித்தார். அத்திருச்சபையின் மாமன்றங்கள் தம் பேராளர்களின் முடிவைக் கைவிட்டு, உலகத் திருச்சபைகள் மன்றத்திலிருந்தும் வெளியேறின.

பேராளர்களில் ஒருவர் பின்வாங்கவில்லை. அவர் பேயர்ஸ் நோடே. ஆப்பிரிக்கானரின் இரகசிய அமைப்பான புரூடர்பாண்டை நிறுவியவர்களில் ஒருவரின் மகன்; தாமும் அதில் இளம் வயதிலேயே சேர்ந்தவர்; ஜோகன்னஸ்பர்க்கில் வசதி மிக்க வெள்ளையர் சபை ஒன்றின் போதகர். 1963இல் எல்லா இனத்தாரும் சேர்ந்து செயல்படும் கிறித்தவ நிறுவனம் என்ற அமைப்பை அவர் தொடங்கினார். அதையும் போதகர் பணியையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது என்று திருச்சபை சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிட இறைவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் சொன்ன பகுதியை எடுத்துப் பிரசங்கித்து, சபையிடம் விடைபெற்றார். உறவும் நட்பும் விலகின. 1977இல் அரசு கிறித்தவ நிறுவனத்தைத் தடை செய்ததோடு, நோடே பொதுவெளியில் பேசவும் எழுதவும் கூடாது என்றும் ஆணையிட்டது. அந்தத் தடை ஏழாண்டுகள் நீடித்தது. 1980இல் அவர் வெள்ளையர் திருச்சபையை விட்டு விலகி, கறுப்பின மக்களின் சீர்திருத்தத் திருச்சபையில் சேர்ந்தார்.

ஒட்டாவா முதல் பெல்ஹார் வரை

டச்சு சீர்திருத்த மிஷன் திருச்சபை, வெள்ளையர் திருச்சபையின் "மகள் சபை" என்றே அழைக்கப்பட்டு வந்தது. 1978இல் அந்த மகள் சபையின் மாமன்றம் முக்கியமான ஒரு முடிவுக்கு வந்தது. மனிதர் ஒருவரோடொருவர் ஒப்புரவாகி வாழ முடியாது என்ற அனுமானத்தின்மீதே இனவொதுக்கல் நிற்கிறது. நற்செய்தியோ ஒப்புரவைப் பற்றியது. ஆகவே இரண்டும் பொருந்தா என்பது அதன் சாரம். இந்த வாதத்தின் வலிமை அதன் எளிமையில் இருந்தது. எத்தனை சட்டங்கள் கொடியவை என்று பட்டியலிடாமல், கொள்கையின் வேரையே அது தொட்டது.

1982 ஆகஸ்டில் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு கனடாவின் ஒட்டாவா நகரில் கூடியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த கறுப்பின, கலப்பினப் பேராளர்கள் சிலர் தொடக்கத் திருவிருந்தில் கலந்துகொள்ள மறுத்தனர். சொந்த நாட்டில் தங்களோடு ஒரே மேசையில் அமர மறுப்பவர்களோடு வெளிநாட்டில் மட்டும் அமர்வது பொய்யாகும் என்பது அவர்களின் நிலைப்பாடு. இனவொதுக்கல் பாவம் என்றும், அதற்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்றும் கூட்டமைப்பு அறிவித்தது. அதை ஆதரித்த இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. மிஷன் திருச்சபையின் போதகரான அலன் பூசாக் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஹாரில் மிஷன் திருச்சபையின் மாமன்றம் கூடியது. விசுவாசத்தை அறிக்கையிட்டே ஆக வேண்டிய வேளை வந்துவிட்டது என்று மாமன்றம் பிரகடனம் செய்தது. அப்படியானால் அந்த விசுவாசம் எது என்று எழுத்தில் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கென அமைக்கப்பட்ட சிறு குழுவில் அலன் பூசாக், டர்க்கி ஸ்மிட், யாப் டுரண்ட் உள்ளிட்டோர் இடம்பெற்றனர். மாமன்றம் கூடியிருந்த நாட்களிலேயே ஆப்பிரிக்கான மொழியில் வரைவு தயாரானது. ஒடுக்கியவர்களின் மொழி என்று கருதப்பட்ட அதுவே கேப் பகுதிக் கலப்பின மக்களில் பெரும்பாலோரின் தாய்மொழியும் ஆகும்.

வரைவை மாமன்றம் உடனே சட்டமாக்கிவிடவில்லை. சபைகள் படித்து, விவாதித்து, கருத்துச் சொல்ல நான்கு ஆண்டுகள் தரப்பட்டன. 1986 மாமன்றத்தில் அது திருச்சபையின் நான்காவது விசுவாச அறிக்கையாக ஏற்கப்பட்டது.

அறிக்கையின் உள்ளடக்கம்

அறிக்கை ஐந்து பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி மூவொரு இறைவன்மீதுள்ள நம்பிக்கையைச் சொல்கிறது. இறுதிப் பகுதி, அதிகாரங்களும் மனிதச் சட்டங்களும் தடுத்தாலும், தண்டனை வந்தாலும், இவற்றை அறிக்கையிட்டுச் செயல்படுத்தத் திருச்சபை அழைக்கப்பட்டிருக்கிறது என்று கூறுகிறது. இடையிலுள்ள மூன்று பகுதிகளே அறிக்கையின் இதயம்.

ஒருமைப்பாடு: திருச்சபையின் ஒருமை இறைவன் தந்த கொடை; அதே வேளையில் நாடி அடைய வேண்டிய கடமையும்கூட. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். "ஆவியில் நாம் ஒன்றுதான், அமைப்பில் மட்டும் தனித்தனி" என்ற சமாதானத்தை அறிக்கை ஏற்கவில்லை. இனமோ நிறமோ ஒருவர் திருச்சபை உறுப்பினராவதைத் தீர்மானிக்கும் எந்தப் போதனையையும் அது தள்ளுகிறது.

ஒப்புரவு: கிறிஸ்து வழியாக இறைவன் தந்த ஒப்புரவுப் பணி திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கிறித்தவம் பேசும் ஒரு நாட்டில் மக்களை இன அடிப்படையில் வலுக்கட்டாயமாகப் பிரித்துவைத்தால் அந்தப் பணியின் நம்பகத்தன்மை அழிந்துபோகும் என்கிறது இப்பகுதி.

நீதி: மூன்று பகுதிகளில் அதிக விவாதத்திற்குள்ளானது இதுவே. அநீதி நிறைந்த உலகில் இறைவன் வறியோருக்கும் ஏதிலிகளுக்கும் வஞ்சிக்கப்பட்டோருக்கும் தனிப்பட்ட முறையில் இறைவனாக இருக்கிறார். அவர் நிற்கும் இடத்தில் திருச்சபையும் நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது.

கவனிக்கத்தக்க ஒரு செய்தி, அறிக்கையில் தென்னாப்பிரிக்கா என்ற பெயரோ இனவொதுக்கல் என்ற சொல்லோ இல்லை என்பதாகும். இதனால் வேறு நாடுகளின் திருச்சபைகளும் பிற்காலத்தில் இதைத் தமதாக்கிக்கொள்ள முடிந்தது.

அறிக்கையோடு ஒரு துணைக்கடிதமும் இணைக்கப்பட்டது. இது குறிப்பிட்ட மனிதருக்கோ திருச்சபைக்கோ எதிரானதன்று, நற்செய்தியைத் திரிக்கும் போதனைக்கே எதிரானது என்று கடிதம் விளக்குகிறது. முதல் கல்லை எறியும் தகுதி எழுதியவர்களுக்கும் இல்லை, தங்கள் கண்ணிலும் உத்தரம் உண்டு என்று அது ஒப்புக்கொள்கிறது. நூறாண்டுகளாகத் தனிச் சபையாக இருக்க இசைந்து வாழ்ந்ததில் தங்களுக்கும் பங்கு உண்டு என்ற உணர்வு அதில் வெளிப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்கள் எழுதிய கடிதம் இவ்வாறு தற்சோதனையோடு அமைந்ததால் அதை வெறும் குற்றச்சாட்டு என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

சமகால இயக்கங்கள்

பெல்ஹார் வரைவு சபைகளில் விவாதிக்கப்பட்டுக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நாடு கொதித்துக்கொண்டிருந்தது. 1985 ஜூலையில் பல பகுதிகளில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் சொவெட்டோ பகுதியில் பணியாற்றிய இறையியலாளர்களும் போதகர்களும் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டனர். பிராங்க் சிகானே, ஆல்பர்ட் நோலன் முதலியோர் இதில் முன்னின்றனர். அதிகாரத்திற்குக் கீழ்ப்படியுங்கள் என்ற ரோமர் நிருபப் பகுதியைக் காட்டி அநீதியை ஆசீர்வதிப்பதை அவ்வாவணம் "அரசு இறையியல்" என்றது. அநீதியை அகற்றாமலே இரு தரப்பும் சமாதானமாகப் போகுமாறு புத்தி சொல்வதைத் "திருச்சபை இறையியல்" என்றது. மூன்றாவதாக, ஒடுக்கப்பட்டோர் பக்கம் வெளிப்படையாக நிற்கும் இறைவாக்கினர் இறையியலுக்கு அழைப்பு விடுத்தது. மனந்திரும்புதலும் நீதியும் இல்லாத ஒப்புரவு போலியானது என்பது அதன் கூர்மையான வாதம்.

தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச்செயலாளராக 1978 முதல் 1985 வரை பணியாற்றிய டெஸ்மண்ட் டூட்டு இக்காலத்தின் மிகவும் அறியப்பட்ட குரலாக விளங்கினார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய அவர், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்ட தாழ்நிலைக் கல்விக்குத் துணைபோக மனமின்றி அப்பணியை விட்டு குருத்துவத்திற்கு வந்தவர். 1984இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 1985இல் டுடுசா என்னும் ஊரில் நடந்த சவ அடக்கத்தின்போது, காட்டிக்கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரைக் கூட்டம் உயிரோடு எரிக்க முனைந்தது. டூட்டு இடையில் புகுந்து அவரைக் காப்பாற்றினார். அரசின் வன்முறையை எதிர்த்த அதே விசுவாசம் தம் மக்களின் வன்முறையையும் தடுக்கச் சொல்கிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

1988 பிப்ரவரியில் பதினேழு அமைப்புகளின் செயல்பாடுகள் முடக்கப்பட்டபோது, திருச்சபைத் தலைவர்கள் கேப் டவுன் பேராலயத்திலிருந்து நாடாளுமன்றம் நோக்கிக் கைகோத்து நடந்தனர், கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 31 அன்று திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகமான கோட்ஸோ ஹவுஸ் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. கோட்ஸோ என்றால் சோத்தோ மொழியில் சமாதானம் என்று பொருள். அப்போது மன்றத்தின் பொதுச்செயலாளராக இருந்த பிராங்க் சிகானே, 1989இல் தம் ஆடைகளில் நச்சு தடவப்பட்டதால் கடும் நோயுற்று உயிர் பிழைத்தார்.

மன்னிப்பும் இணைப்பும்

டச்சு சீர்திருத்தத் திருச்சபை 1986இல் தன் உறுப்புரிமை எல்லா இனத்தாருக்கும் திறந்தது என்று அறிவித்தது. அதைப் பொறுக்காத ஒரு பிரிவினர் மறு ஆண்டே பிரிந்து வெள்ளையருக்கு மட்டுமான புதிய திருச்சபை ஒன்றைத் தொடங்கினர். 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க்கில் நடந்த தேசியத் திருச்சபைகள் மாநாட்டில் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, இனவொதுக்கல் இழைத்த அரசியல், சமூக, பொருளாதாரக் கேடுகளில் தமக்கும் தம் திருச்சபைக்கும் உள்ள குற்றத்தை அறிக்கையிட்டார். டூட்டு எழுந்து அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டார்.

1994 ஏப்ரல் 14 அன்று மிஷன் திருச்சபையும் கறுப்பின மக்களின் சீர்திருத்தத் திருச்சபையின் பெரும்பகுதியும் இணைந்து, தென்னாப்பிரிக்க ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை உருவாயிற்று. பெல்ஹார் அறிக்கை அதன் விசுவாச அடிப்படைகளில் ஒன்றானது. எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் அதன் பிறகு பதின்மூன்றாம் நாள், ஏப்ரல் 27 அன்று நடந்தது. டூட்டு தலைமையில் அமைந்த உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 1997 நவம்பரில் கிழக்கு லண்டன் நகரில் திருச்சபைகளையும் பிற சமயத்தாரையும் அழைத்து அவர்களின் பங்கு குறித்து விசாரித்தது.

2006இல் நடந்த ஒரு நிகழ்வு பலரின் நினைவில் நிற்கிறது. இனவொதுக்கல் ஆட்சியில் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த அட்ரியான் ஃபிளாக், பிராங்க் சிகானேயின் அலுவலகத்திற்கு வந்து மன்னிப்புக் கேட்டு, அவருடைய பாதங்களைக் கழுவினார். மறு ஆண்டு, சிகானேயைக் கொல்ல முயன்ற வழக்கில் ஃபிளாக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார்.

பரவல்

பெல்ஹார் அறிக்கை தென்னாப்பிரிக்காவுக்கு வெளியிலும் ஏற்பைப் பெற்றது. அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபை 2010இல் இதைத் தன் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக்கியது. அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 2016இல் தன் அறிக்கைகளின் நூலில் சேர்த்தது. கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தையும் பிரிவினையையும் தம் வரலாற்றில் கொண்ட திருச்சபைகள், ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையின் முன் தம்மைச் சோதித்துப் பார்த்தன என்பது இதன் சிறப்பு.

விமர்சனங்களும் முடிவுறாத பணியும்

அறிக்கையின் நீதிப் பகுதி இறைவனை ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியவராக்குகிறது என்று சிலர் குறை கூறினர். ஏழை என்பதால் ஒருவர் நல்லவராகிவிடுவதில்லை என்பது அவர்களின் வாதம். ஆதரிப்போர், அறிக்கை ஏழைகளின் தகுதியைப் பற்றிப் பேசவில்லை, இறைவனின் இரக்கத்தைப் பற்றியே பேசுகிறது என்றும், நியாயப்பிரமாணமும் இறைவாக்கினர் நூல்களும் விதவை, அநாதை, அந்நியர் ஆகியோரை இடைவிடாமல் நினைவூட்டுவது இதே அடிப்படையில்தான் என்றும் விடையளிக்கின்றனர்.

கிறித்தவர் எல்லாரும் இனவொதுக்கலை எதிர்த்தார்கள் என்று எண்ணுவதும் சரியன்று. எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றிய ஆங்கில மொழித் திருச்சபைகள் பலவற்றில், உள்ளூர்ச் சபைகள் நடைமுறையில் இனவாரியாகவே இருந்தன. கறுப்பின மக்களிடையே பெருந்தொகையினரைக் கொண்ட சீயோன் கிறித்தவத் திருச்சபை 1985 ஈஸ்டர் விழாவிற்கு அதிபர் பி. டபிள்யூ. போத்தாவையே விருந்தினராக அழைத்தது. ஒரே விசுவாசம் சிலரைச் சிறைக்கும், சிலரை மௌனத்திற்கும், சிலரை ஆட்சியாளரின் மேடைக்கும் கொண்டுசென்றது.

ஃபிளாக் பாதம் கழுவியதைப் பலர் போற்றினாலும், பிள்ளைகளை இழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு உண்மை இன்னும் சொல்லப்படவில்லையே என்று கேட்டவர்களும் உண்டு. நிலமும் செல்வமும் இன அடிப்படையில் பங்கிடப்பட்டதன் விளைவு, சட்டங்கள் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. உலகிலேயே பொருளாதார ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளுள் ஒன்றாகத் தென்னாப்பிரிக்கா இன்றும் இருக்கிறது.

திருச்சபைக் குடும்பத்தின் இணைப்பும் முழுமை பெறவில்லை. ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபைக்கும் டச்சு சீர்திருத்தத் திருச்சபைக்கும் இடையே பேச்சுகள் நீண்ட காலம் நடந்தும், பெல்ஹார் அறிக்கையே முக்கியச் சிக்கலாக நின்றது. இனவொதுக்கல் தவறு என்று ஒப்புக்கொண்ட வெள்ளையர் சபைகளிலும், அத்தவறைத் திருத்த எழுந்த அறிக்கையைத் தம் விசுவாசமாக ஏற்கத் தயங்கியோர் பலர். அதைத் தன் விசுவாச அடிப்படையில் சேர்க்க டச்சு சீர்திருத்தத் திருச்சபை எடுத்த முயற்சி தேவையான பெரும்பான்மையைப் பெறவில்லை. எனினும் சில ஊர்களில் இரு திருச்சபைகளின் சபைகளும் தாமாகவே இணைந்து வழிபடுகின்றன.

1857இல் சிலருடைய பலவீனத்திற்கு இடங்கொடுத்துப் பிரிக்கப்பட்ட மேசை அது. அதை மீண்டும் ஒன்றாக்கும் பணி, அநீதியை மறுக்கும் அறிக்கையை எழுதுவதைவிடக் கடினமானது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.